எல்.எம்.ஜி.யின் இரண்டாம் நம்பர்

நேற்று பெரும்பாக்கம் பக்கம் ஒரு வணிக வளாகத்தில் காவலாளி என் பையைத் திறக்கச் சொன்னார். திறந்தேன். அதோடு நிற்காமல், "எங்கிட்ட தோட்டா ஒண்ணும் இல்ல சார்" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு மறுபடி பையைத் துழாவினார். வம்பை விலைக்கு வாங்குவதில் எனக்கு நிகர் நான்தான்.

அந்த வாக்கியம் இரண்டாயிரங்களின் தொடக்கத்தில், தாம்பரத்தில் கல்லூரி என்.சி.சி.யில் இருந்தபோது ஒட்டிக்கொண்டது. சுடும் பயிற்சி முடிந்ததும் ஒவ்வொருவனும் விறைப்பாக நின்று, தன்னிடம் தோட்டாவோ காலி உறையோ இல்லை என்று உரக்கச் சொல்ல வேண்டும். அப்புறம்தான் லாரி கிளம்பும்.

கூட இருந்தவன் செல்வம். கோவளம் பக்கத்து மீனவர் வீட்டுப் பிள்ளை. சி சர்ட்டிஃபிகேட் பரீட்சை பாஸாகி ராணுவத்தில் சேர வேண்டும், கடலுக்குப் போகக்கூடாது என்பதே அவன் பேச்சு. நான் பயிற்சி முடிந்தால் தரும் பூரிக்காகப் போனவன்.

ஒருநாள் சுடக் கிடைத்தது எல்.எம்.ஜி., அதாவது இலகு இயந்திரத் துப்பாக்கி. புது ரகத்துக்குத் தோட்டாப்பெட்டி அடியில். எங்களுக்குக் கிடைத்த பழைய ரகத்துக்கு அது தலைமேல் கொம்பு மாதிரி நிற்கும். அதற்கு இரண்டு பேர் வேண்டும். செல்வம் சுட்டான். பெட்டி மாற்றும் இரண்டாம் நம்பர் நான்.

சுட்டு முடித்துக் காலி உறைகளை எண்ணியபோது ஒன்று குறைந்தது. ரைஃபிள் உறையைத் துப்பும் வலப்பக்கத்துப் புல்லை எல்லோரும் பதற்றத்தில் கோதிக்கொண்டிருந்தோம். கிடைக்கவில்லை.

"கெடைக்கலன்னா உங்க ரெண்டு பேருக்கும் எக்ஸாம் கெடையாது" என்றார் ஹவில்தார்.

செல்வத்துக்கு முகம் வெளிறிவிட்டது. நான் அவன் சட்டைப்பையைப் பார்த்தேன். அவன் என்னுடையதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சார், இவன்தான் உறையில கீ செயின் பண்ணணும்னு சொல்லிகினு இருந்தான்" என்றான் செல்வம்.

நான் எப்போதோ விளையாட்டாகச் சொன்னதுதான். என் பையைக் கவிழ்த்தார்கள். பூரிப் பொட்டலம் மண்ணில் விழுந்தது. அழுகையும் ஆத்திரமுமாக வந்தது எனக்கு.

"அவன் ஷூவையும் பாருங்க சார்!" என்று கத்தினேன்.

கடைசியில் நாங்கள் படுத்திருந்த தார்ப்பாயை உதறியபோது டிங்கென்று விழுந்தது உறை. பழைய ரகம் நேரே அடியில்தான் உறையைப் போடும். அன்று காலை வகுப்பில்தான் அதை ஒப்பித்திருந்தோம். எல்லோரும் சிரித்தார்கள். ஒரு காலில் ஷூ இல்லாமல் நின்ற செல்வம் சிரிக்கவில்லை. லாரியில் எதிரெதிரே உட்கார்ந்து வந்தோம்.

அவன் ராணுவத்தில் சேர்ந்துவிட்டான். சில வருடம் கழித்துத் தாம்பரம் ஸ்டேஷனில் பார்த்தேன்.

"நல்லா கீறியா?" என்று கட்டிப்பிடித்தான். அந்த நேரத்திலும் என் கை சட்டைப்பையைப் பொத்திக்கொண்டது. அவன் அதைப் பார்த்துவிட்டான்.

"அந்தப் பழைய துப்பாக்கி?" என்றேன்.

"எடுத்துட்டாங்க. இப்போ புதுசுதான்."

நாங்கள் சுட்டுப் பழகிய அந்த மலையடிவார ரேஞ்சும் இப்போது இல்லை, அடுக்குமாடிகள் நிற்கின்றன. அன்று ஸ்டேஷனில் அவனுடைய மின்சார ரயில் வரும்வரை பேசிக்கொண்டிருந்தோம். முன்பெல்லாம் மூச்சுக்கு மூச்சு "மச்சான்" போடுபவன், ஒருமுறையாவது அதைச் சொல்வான் என்று ரயில் கிளம்பியும் பிளாட்ஃபாரத்தில் நின்று அவன் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.