நகபானனைத் தெரியாது என்றேன்

நேற்று மும்பை செம்பூர் வீட்டில் வெள்ளி விளக்குகளைத் துலக்கப் புளி கரைத்தேன். ஓய்வு பெற்றவனுக்கு ஒதுக்கப்படும் இலாகா அது. அந்தப் புளி வாசம் என்னைத் தாராவியில் காதர் பாயின் வெள்ளிப் பட்டறை வாசலில் கொண்டுபோய் நிறுத்திவிட்டது.

அப்போது எனக்குப் பழங்காசுகளைப் பார்த்து அரசன் பெயரை எழுதும் அரசாங்க வேலை. முறைப்படி முதலில் எழுத்து, பிறகு எடை, முகம் கடைசியில்தான். நகபானனையே எடுத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் இந்தப் பக்கத்தை ஆண்டவன். ஒரு காசில் கிழவன், இன்னொன்றில் புதுமாப்பிள்ளை. என் ரயில் பாஸ் போட்டோகூட இவ்வளவு ஏமாற்றியதில்லை.

காதர் பாய் வெள்ளி உருக்குபவர், திருநெல்வேலிக்காரர். பழைய வெள்ளியோடு வந்த காசு ஒன்றை நீட்டினார்.

"யாருன்னு சொல்லுங்க சார். பேரு தெரிஞ்சாத்தான் உலையில போடுவேன்."

"தெரியலேன்னா?"

"ஆளு யாருன்னே தெரியாம நெருப்புல போடலாமா? வாப்பா காலத்துப் பழக்கம். பேரச் சொல்லி, மன்னிச்சுக்கய்யான்னு போடணும். தெரியாததெல்லாம் டப்பாவுல கெடக்கும்."

நகபானனேதான். மும்பைக் கடைப் பலகை மாதிரி மூன்று லிபிகளில் பெயர் போட்டிருந்தான். ஆனால் எங்கள் அலுவலகம் காசு வாங்க வேண்டுமென்றால் கமிட்டி கூட வேண்டும். அது மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் கூடும். பெயரைச் சொன்னால் அன்று மாலையே நகபானன் கொலுசாகிவிடுவான்.

"தெரியலை பாய்."

"இம்புட்டுப் படிச்சும் இந்த மூக்கனத் தெரியலயாக்கும்!"

சந்து முழுக்கச் செய்தி பரவியது. மூன்று மாதமும் அந்தப் பக்கம் போனால் டீக்கடைக்காரர்கூட, "மூக்கன் யாருன்னு தெரிஞ்சிட்டா சார்?" என்பார். முதல் வகுப்பில் தேறியவன் நான். பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன்.

ஒருவழியாகக் கமிட்டி கூடியது. உத்தரவோடு போய்க் காசை வாங்கிப் பைக்குள் பத்திரப்படுத்திய பிறகே, "நகபானன்" என்றேன்.

"இப்பத்தான் தெரிஞ்சுதாக்கும்?"

"ஆபீஸ் வேலை பாய், மெதுவாத்தான் நடக்கும்."

உடனே அவர் டப்பாவைத் திறந்து ஏழு முகங்களை என் முன்னால் பரப்பினார். "அப்ப இவுங்கள்லாம் யாரு?"

ஏழு பேரையும் எனக்குத் தெரியும். அடுத்த கமிட்டிக்கு இன்னும் மூன்று மாதம்.

"தெரியலை பாய்." ஏழு முறை சொன்னேன்.

"உங்க ஆபீசுல என்னதான் சார் சொல்லித் தாராங்க?"

அந்தப் பட்டறை இருந்த இடத்தில் இப்போது கட்டடம் எழும்பிவிட்டது. வெள்ளி உருக்குவதெல்லாம் வேறெங்கோ, மின்சார உலையில். மூட்டையோடு கொட்டுகிறார்களாம். யார் என்று கேட்க அங்கே ஆளில்லை.