கவுச்சி அடித்த வால்நட்சத்திரம்

இன்று காலை மீன் கடையில் ஐஸ் பெட்டியைத் திறந்தார்கள். அந்தக் குளிர்ந்த கவுச்சி மூக்கில் ஏறியதும் எனக்குக் கல்யாணி ஞாபகம் வந்துவிட்டது. மீனைப் பார்த்துச் சிநேகிதியை நினைக்கிறாளே என்று நீங்கள் சிரிக்கலாம். சிரியுங்கள்.

கீழ்வேளூரில் நாங்கள் இருவரும் புதிதாக வேலைக்குச் சேர்ந்த டீச்சர்கள். வாடகைக்கு ஒரு மாடி அறை, ஒரே ஸ்டவ். அவள் அறிவியல், நான் தமிழ். வால்நட்சத்திரம் என்பது அழுக்குப் பனிக்கட்டிதான் என்று காட்டுவதற்காக, நாகப்பட்டினம் மீன் லாரியில் ஐஸ் வாங்கி, வயல் மண்ணைச் சேர்த்து உருண்டை பிடித்து வகுப்புக்குக் கொண்டுபோனாள். "டீச்சர், வால்நட்சத்திரம் கவுச்சி அடிக்குது!" என்று பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். பரீட்சையில் நாலைந்து பேர் அதையும் எழுதிவைத்தார்கள். மார்க் போடலாமா என்று என்னிடம் கேட்டாள். தமிழ் டீச்சருக்கு என்ன தெரியும், போட்டுவிடு என்றேன்.

அந்த வருஷம் நிஜமாகவே ஒன்று வந்தது. சாயங்காலம் மாடியில் நின்று, அறுப்பு முடிந்து உளுந்து நின்ற வயல்களுக்கு மேலே பார்த்தோம். எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன்.

"புளூட்டோவுக்கும் எங்கேயோ அப்பால இந்தக் கட்டியெல்லாம் சும்மா கிடக்குதுடி. ஏதோ ஒரு நட்சத்திரம் அந்தப் பக்கமா போறப்ப லேசா இழுத்தாக்கூட போதும், சூரியனைப் பார்த்து விழ ஆரம்பிச்சிடும்."

"திரும்ப வருமா?"

"வழியில வியாழன் எப்படி இழுக்குதோ, அதைப் பொறுத்தது. சிலதுக்குப் பாதை சுருங்கிடும், அடிக்கடி வரும். சிலதைத் தூக்கி வெளியே எறிஞ்சிடும், அப்புறம் வராது. வர்றதும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கரைஞ்சுதான் போகும்."

"அடுத்தது வந்தா இங்கேயே சேர்ந்து பார்ப்போம்" என்றேன்.

"பின்னே?" என்றாள்.

கல்யாணமாகி அவள் கனடா போனாள். முதலில் வருஷா வருஷம் வந்து என்னோடு ரெண்டு நாள் தங்கினாள். அப்புறம் குழந்தைகள், அங்கே வேலை, வீடு. ரெண்டு நாள் ஒரு மதியச் சாப்பாடாயிற்று. பிறகு திருச்சி வரை வருவாள், போன் மட்டும் வரும். எனக்குக் கோபம்தான். கோபத்தை யாரிடம் காட்ட? நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இன்னும் அதே மாடி அறைதான்.

கொஞ்ச நாள் முன்பு மேற்கே மறுபடி ஒரு வால்நட்சத்திரம் தெரிந்தது. தனியாக நின்று பார்க்க என்னவோ போலிருந்தது. கைப்பிடிச் சுவர், அதையொட்டிய தென்னை, தூரத்துக் கோபுரம் எல்லாம் படத்தில் விழுகிற மாதிரி எடுத்து அவளுக்கு அனுப்பினேன். மறுநாள் பதில் வந்தது.

"சூப்பர்டி! எந்த ஊர் இது?"

நம்ம மாடிதான்டி என்று அடித்தேன். அப்புறம் அதை அழித்துவிட்டு, கீழ்வேளூர் என்று மட்டும் அனுப்பினேன்.