ஜப்பான் போலீஸ் ஓடிய மழைக்காலம்

எங்கள் வீட்டில் ஜப்பான் போலீஸ்காரர்கள் இலங்கை மலையகத்து அட்டன் தமிழ்தான் பேசினார்கள். அதற்குக் காரணம் என் வீட்டுக்காரர். தொலைக்காட்சியில் அவர்கள் பேசியது ஜப்பான் மொழி, கீழே ஓடியது சிங்கள எழுத்து. எனக்குச் சிங்களம் கடையில் சாமான் வாங்கும் அளவுக்கு வரும், எழுத்து சுத்தமாக வராது. அவர் அதை வாசித்து எனக்கு நம் பேச்சில் சொல்வார். அதனால் அந்த ஊர் இன்ஸ்பெக்டர், "என்னா தம்பி, மெஷின கழுவியாச்சா?" என்று கேட்பார். "இப்பதாங்கையா கழுவிக்கிட்டு இருக்கோம்" என்று பதில் வரும்.

அது ஒரு பழைய கார்ட்டூன் தொடர். அவரோடு கொத்மலையில் வேலை செய்த ஒரு சிங்கள டிரைவர் பென் டிரைவில் போட்டுக் கொடுத்திருந்தார். 'நம்ம தொழில்தான், பாருங்க' என்று சொல்லிக் கொடுத்தாராம். என் வீட்டுக்காரர் பெக்கோ ஓட்டுகிறவர். ரோட்டோரத்தில் மண் சரிந்தால் வந்து அள்ளுமே, அந்த மஞ்சள் மெஷின். தொடரில் வருவதும் அதன் உறவுக்காரர்கள் மாதிரிதான். மனுசன் போலக் கை கால் வைத்த மெஷின்கள் அந்தப் பட்டணத்தில் கட்டடம் கட்டுகின்றன, இரும்பு தூக்குகின்றன. குடித்துவிட்டு ஒருவன் அதில் ஏறி ஊரை இடித்தால் அவனைப் பிடிக்கப் போலீசுக்கும் அதே மாதிரி மெஷின் இருக்கிறது.

"நம்ம ஊர்ல இப்பிடி ஒரு போலீஸ் இருந்தா என் மொதலாளிதான் மொதல்ல மாட்டுவாரு" என்றார் அவர். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கேலி பேசிப் பல மாதம் ஆகியிருந்தது.

போன மழையில் கொத்மலைப் பக்கத் தோட்டமொன்றில் மலை இறங்கி ஆட்கள் குடியிருந்த ஒரு லயத்தை மூடிவிட்டது. ரோடு திறந்ததும் முதலில் போனது இவருடைய பெக்கோ. சோறு தண்ணி மறந்து தோண்டினார்கள். கிடைத்தவர்களைக் கிடைத்தபடி எடுத்தார்கள். ஒரே ஒரு அம்மா மட்டும் கிடைக்கவில்லை. மேலே மலை இன்னும் வெடிப்பு விட்டிருக்கிறது, இனித் தோண்டினால் தோண்டுகிறவர்களும் போய்விடுவார்கள் என்று அதிகாரிகள் நிறுத்தச் சொன்னார்கள். அவர் மெஷினை நிறுத்திவிட்டு வந்தார். வந்தவர் பேச்சையும் நிறுத்திவிட்டார்.

ஒரே ஒரு தடவைதான் என்னிடம் சொன்னார். "கையால தோண்டுனா தொடுறது என்னான்னு தெரியும். மெஷின் பக்கெட்டுக்கு ஒண்ணும் தெரியாது. இரும்பு மண்ணுல எறங்கும்போது கீழ யாரு இருக்காங்கன்னு எனக்கு எப்பிடித் தெரியும்?" ரொட்டியைத் தட்டில் வைத்து அவர் பக்கம் தள்ளினேன்.

போதாக்குறைக்கு, கிடைக்காத அந்த அம்மாவின் மகள் எங்கள் லயத்துக்கே குடிவந்தாள். கடைசிக் காம்பராவில் அவளுடைய சித்தி வீடு. இங்கேயே பெயர் பதிந்து மலைக்குக் கொழுந்து பறிக்கவும் போகத் தொடங்கினாள். அவள் எங்களை ஒரு சொல் குறை சொன்னதில்லை. இவர்தான் அந்தப் பக்கம் போகாமல் லயத்தைச் சுற்றிக்கொண்டு குழாயடிக்குப் போவார். அவள் எதிரே வந்தால் தரையைப் பார்ப்பார். அன்றிலிருந்து அவர் ஏறாத பெக்கோ, ரோட்டு முடியும் தொங்கலடி வளைவில் தார்ப்பாய் போர்த்திக் கிடந்தது.

அதனால்தான் எனக்கு அந்தக் கார்ட்டூன் பிடித்தது. எழுத்தை வாசித்துச் சொல்ல அவர் வாயைத் திறந்தாக வேண்டும். நான் வேலை செய்வது தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில். நாள் முழுக்க ஊரார் பிள்ளைகளைத் தொட்டிலில் ஆட்டிவிட்டு அலுத்து வருவேன். வந்ததும் தேத்தண்ணியை ஊற்றி வைத்துவிட்டு, "போலீஸப் போடுங்க" என்பேன். எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதென்று அடுத்த வீட்டில் பேசிக்கொண்டார்கள். பேசட்டும்.

கூரைத் தகரத்தில் மழை விழுந்தால் தொலைக்காட்சியின் சத்தம் ஒன்றும் கேட்காது. படம் ஓடும், பக்கத்தில் அவர் குரல் ஓடும், அவ்வளவுதான். வாசல் இஸ்தோப்பிலிருந்து பனி மெதுவாக உள்ளே வந்து கட்டில் காலைச் சுற்றும். தொடரிலும் எப்போதும் மழையோ கடல் பனியோ இருக்கும். எது எங்கள் பனி, எது அவர்கள் பனி என்று தெரியாத நேரங்கள் இருந்தன. நான் பாதித் தூக்கத்தில் கிடப்பேன். அந்தப் பெரிய மெஷின் எங்கள் தேயிலைக்குள் நடந்து வரும். ஒரு செடியும் ஒடியாமல் தன் காலை நிரைக்கு நடுவே பார்த்துப் பார்த்து வைக்கும். விழித்தால் அவர் இன்னும் வாசித்துக்கொண்டிருப்பார், கேட்க ஆள் இருக்கிறதா என்றுகூடப் பார்க்காமல்.

அந்தப் போலீஸ்காரர்களுக்குப் பெரும்பாலான நாள் வேலையே இல்லை. ஊருக்கு ஒதுக்குப்புறமாக ஒரு கொட்டகையில் இருப்பார்கள். சமைப்பார்கள், சாப்பாட்டுக்குச் சண்டை போடுவார்கள், மெஷினைத் துடைப்பார்கள், கூப்பிடுவார்களா என்று காத்திருப்பார்கள். சண்டைப் படம் என்று பார்க்க உட்கார்ந்தவருக்கு ஏமாற்றம்தான். எனக்கோ அதுதான் இனித்தது. இவ்வளவு பெரிய இரும்பை வைத்துக்கொண்டு இவ்வளவு சின்ன வாழ்க்கை வாழ்கிறார்களே என்று அவர்கள்மேல் பாசம் வந்துவிட்டது. மெஷினில் ஒரு கீறல் விழுந்தாலும் அதை ஓட்டுகிற பெண்ணுக்குக் கண் கலங்கிவிடும். இவர் அந்த இடங்களில் வாசிப்பதை விட்டுவிட்டு, "அப்பிடித்தான் இருக்கும்" என்பார்.

இன்னொன்றையும் கவனித்தேன். மெஷினுக்குள் இருப்பவருக்குத் தன் காலடி தெரிவதில்லை. கீழே ஒரு ஆள் நின்று, இடதுபக்கம் பார், பின்னால் பள்ளம் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் கீழே நிற்கிறவர் சொன்னால்தான் கால் எடுத்து வைப்பது.

"உங்களுக்கும் இப்பிடி ஆள் நிப்பாங்களா?" என்று கேட்டேன்.

"நிப்பாங்க. அன்னைக்கும் நின்னாங்க." சொல்லிவிட்டு அவர் அடுத்த வரியை வாசிக்கத் தொடங்கினார். நானும் விட்டுவிட்டேன்.

அடுத்த மழை தொடங்குமுன் எங்கள் லயத்துக்குப் பின்னால் தண்ணீர் ஓடக் காண் வெட்ட வேண்டியிருந்தது. பழைய காண் மண் மூடித் தண்ணீர் சுவரில் இறங்கியது. தோட்டத்து ஆட்கள் பெக்கோ கேட்டார்கள். முதலாளி கினிகத்தேனையிலிருந்து வந்தார், சிங்களவர், நல்ல மனுசர். என்னைத் தனியாகக் கூப்பிட்டுத் தங்கச்சி என்று அவர் மொழியில் பேச்சைத் தொடங்கினார். "நங்கி, நானும் எவ்வளவு காலம் பாக்குறது? இந்த வேலைக்கும் அவர் ஏறலேன்னா நான் வேற ஆள் போடணும். போட்டா பொறகு அவர் ஏறமாட்டார். உங்களுக்கும் தெரியும்தானே?"

தெரியும். வேறொருவன் அந்த இருக்கையில் உட்கார்ந்துவிட்டால் இவர் வாழ்நாள் முழுக்க இஸ்தோப்பில் உட்கார்ந்திருப்பார். எனக்குப் பயம் வந்தது. பயம் வந்தால் எனக்குக் கோபமும் சேர்ந்து வரும். வீட்டுக்குப் போய்ப் படத்தை நிறுத்தினேன்.

"ஏறுங்க. நான் கீழ நிக்கிறேன்."

"ஒனக்கு என்னா தெரியும்?"

"மண்ணு தெரியும். மனுசன் தெரியும். வேற என்னா தெரியணும்?"

ஏன் ஏறினார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தார்ப்பாயைத் தானே அவிழ்த்தார். மெஷினை லயத்துக்குப் பின்னால் கொண்டுவந்து நிறுத்தினார். அந்த மேட்டில் யாரும் புதைந்ததில்லை. காலங்காலமாக அது வெறும் மேடு. அது அவருக்கும் தெரியும். இருந்தும் கை லீவரிலேயே நின்றது. எஞ்சின் உறுமிக்கொண்டிருக்க, பக்கெட் ஆகாயத்தில் நடுங்கியது. ஒருவழியாக ஒரு பக்கெட் மண்ணை எடுத்து ஓரமாகக் கொட்டினார். உடனே எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கி ஓடிவந்து, அந்தக் குவியலைக் கையால் கிளறத் தொடங்கினார். பேயறைந்தவர் மாதிரி இருந்தார். நானும் மண்டியிட்டுக் கிளறினேன். கல்லும் தேயிலை வேரும்தான் வந்தன. மறுபடி ஏறினார், ஒரு பக்கெட் எடுத்தார், மறுபடி இறங்கினார்.

முதலாளி, பாவம், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பி நின்றார்.

அந்த நேரம் பார்த்துப் பெண்கள் கொழுந்தை நிறுவையில் போட்டுவிட்டு மலையிலிருந்து இறங்கினார்கள். என்ன நடக்கிறது என்று யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. சிரிப்பார்களோ என்று பயந்தேன். கடைசிக் காம்பராப் பெண்தான் முதலில் கூடையை இறக்கினாள். இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்து உதறி மண் குவியலுக்குப் பக்கத்தில் விரித்தாள். நிறுவைக்கு முன்னால் கூடைக் கொழுந்தைப் படங்கில் கொட்டிப் பரப்பி, முற்றிய இலையையும் காம்பையும் பொறுக்கிப் போடுவது எங்கள் ஆட்களின் வழக்கம். அந்தக் கைகளுக்குத் தப்பி ஒரு காம்பு போகாது. அவள் மண்ணை இரண்டு கையாலும் அள்ளிப் படங்கில் பரப்பி, அதே மாதிரி விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள்.

மற்றவர்களும் ஒவ்வொருவராகப் படங்கை அவிழ்த்தார்கள். பக்கெட் வந்து கொட்டும், அவர்கள் பங்குபோட்டுக்கொண்டு பரப்புவார்கள். பனி இறங்கி மெஷினின் கை மட்டும் தெரிந்தது, மண்ணில் குனிந்த தலைகள் தெரிந்தன. இப்போது அவர் இறங்கவில்லை, மேலே உட்கார்ந்து காத்திருந்தார். பரப்பி முடிந்ததும் நான் அவரைப் பார்த்துக் கையை ஆட்டுவேன். அடுத்த பக்கெட் இறங்கும்.

அப்படி எவ்வளவு நேரம் போனதோ. ஒரு குவியலைப் பார்த்து முடித்ததும் அந்தப் பெண் என் கைக்குக் காத்திருக்காமல் எழுந்து, மண் அப்பிய கையோடு மெஷினுக்குக் கிட்டே போய் நின்றாள். அவள் அவரோடு பேசுவதை அதற்குமுன் நான் கண்டதில்லை.

"மண்ணுதாண்ணே" என்றாள். "வெறும் மண்ணுதான். நீங்க பக்கெட்டப் போடுங்க."

எஞ்சின் சத்தத்தில் அவருக்குக் கேட்டதா என்று தெரியவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெஷினின் கண்ணாடி ஜன்னலைத் திறந்து தலையை வெளியே நீட்டினார்.

"தங்கச்சி, கொஞ்சம் தள்ளி நில்லும்மா. பக்கெட் வருது."