குரியும் குறியும்

மலையாட்டு வேட்டைக்கு வழிகாட்டி வைப்பதா வேண்டாமா என்று என் கணவருடைய துரை ஒரு வாரம் யோசித்தார். அந்த ஒரு வாரமும் எங்கள் வீட்டில் சோறு தொண்டையில் இறங்கவில்லை. துரை வேட்டைக்குப் போனால் உங்களுக்கு என்ன என்று கேட்பீர்கள். எல்லாம் என் வீட்டுக்காரரின் வாய் செய்த வேலை.

வெள்ளைக்காரப் பட்டாளம் இருந்த தண்டில், அதாவது கன்டோன்மென்டில், ஒரு சர்க்கார் ஆபீஸில் அவர் டெம்பரவரி குமாஸ்தா. பெர்மனென்ட் ஆக்குவதும் வீட்டுக்கு அனுப்புவதும் துரையின் கையில் இருந்தது. அனுப்பிவிட்டால் ஜீவனஹள்ளியில் என் அம்மா வீட்டுச் சமையலறையில் போய்ப் படுக்கவேண்டியதுதான். அந்தச் சமயம் பார்த்து மாதா கோயில் திருவிழா வந்தது. அங்கே காற்றுத் துப்பாக்கியால் பலூன் சுடும் கடையில் இவர் பீங்கான் டீ பாத்திரம் ஒன்று ஜெயித்தார். துரையும் பார்த்துக்கொண்டுதான் நின்றாராம். அன்று முதல் எங்கள் வீட்டில் ஒரு மாவீரர் குடியேறினார். குழம்பில் உப்பு கம்மி என்று சொல்வதற்குக் கூட ஒரு கண்ணை மூடிக் குறி பார்த்துச் சொன்னார்.

மறுநாள் ஆபீஸில் துரை இவரைக் கூப்பிட்டார். துரை அப்போது முன்ஷி வைத்துக் கன்னடம் படித்துக்கொண்டிருந்தார். ஆபீஸில் முக்கால்வாசிப் பேர் தமிழர்கள் என்பதைப் பற்றி அவருக்குக் கவலையில்லை; படித்த கன்னடத்தை யார் மேலாவது கொட்டவேண்டும். "குரி கொத்தா?" என்றார். ஆடு தெரியுமா என்று அர்த்தம். இவருக்குக் கன்னடம் வராமல் இல்லை, மார்க்கெட்டில் பேரம் பேசி ஜெயிப்பவர்தான். ஆனால் டீ பாத்திர மிதப்பில் இருந்த மனிதர் காதில் தமிழ்க் குறி விழுந்தது.

"நல்லாத் தெரியும் துரை, சின்ன வயசுலேர்ந்து பழக்கம்" என்றிருக்கிறார்.

துரை விடாமல் "பெட்டா?" என்று கேட்டாராம். அவர் கன்னடத்தில் கேட்டது மலையிலா என்று. இவர் அதை இங்கிலீஷ் என்று எடுத்து, பந்தயமா என்று கேட்பதாக நினைத்துக்கொண்டு, எத்தனை வேண்டுமானாலும் வைக்கலாம் என்று தலையாட்டிவிட்டு வந்தார். சாயந்திரம் முன்ஷி விளக்கிச் சொன்ன பிறகுதான் விஷயம் புரிந்தது. துரையின் கணக்கில் இவர் சின்ன வயதிலிருந்து மலையாட்டோடு புழங்கியவர். நீலகிரிக்கு இவரே வழிகாட்டியாக வந்துவிட்டால் வேறு ஆள் எதற்கு என்று துரை யோசிக்க ஆரம்பித்துவிட்டார்.

இவர் தொம்மலூர் ஏரிக்கரையைத் தவிர வேறு மேடு ஏறியதில்லை. "போய் உண்மையைச் சொல்லிடுங்க. காது தப்பாக் கேட்டுதுன்னா யாரும் தலையை வாங்க மாட்டாங்க" என்றேன். வாங்குவார்கள் என்றார். பொய் சொன்னவனை எந்தத் துரை பெர்மனென்ட் ஆக்குவான் என்றார். எனக்கும் பயமாகத்தான் இருந்தது. எப்படியாவது ஒரு நிஜ வழிகாட்டி வந்து இவரைக் காப்பாற்றட்டும் என்று மாதாவுக்கு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டேன்.

மாதா உடனே அனுப்பினாள். யாரோ ஒரு துரையின் பழைய கோட்டைப் போட்டுக்கொண்டு, கையில் ஒரு கட்டு சர்டிபிகேட்டோடு நீலகிரியிலிருந்து ஒருவன் பங்களாவுக்கு வந்து சேர்ந்தான். தான் இல்லாவிட்டால் மலையே இல்லை என்பதுபோல் பேசினானாம். போகிற போக்கில் தன் வழக்கம் ஒன்றையும் சொன்னான். கூட்டிப்போவதற்கு முன்னால் தோட்டத்தில் ஒரு சட்டியை வைப்பான், துரை அதைச் சுட்டுக் காட்டவேண்டும். சுடும் லட்சணத்தைப் பார்த்துத்தான் ஆட்டுக்கு எவ்வளவு கிட்டே கொண்டுபோவது என்று முடிவு செய்வானாம்.

துரைக்கு முகம் சிவந்துவிட்டது. சட்டியும் வேண்டாம் நீயும் வேண்டாம் என்று அவனை விரட்டினார். நம்ம குமாஸ்தாவே போதும் என்று அங்கேயே தீர்மானமாகிவிட்டது.

மூட்டை கட்டிப் போனார்கள். பத்து நாள் கழித்து இவர் மூக்குத் தோல் உரிந்து வந்து சேர்ந்தார். ஆட்டைத் தேடும் கஷ்டமே இருக்கவில்லையாம். பாதை ஓரத்துப் பாறையில் ஒரு கூட்டமே நின்றதாம். துரை இருந்த தோட்டாவை எல்லாம் சுட்டுத் தீர்த்தார். ஆடுகள் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்துவிட்டு மேயப் போய்விட்டன.

"காத்து குண்டைத் தள்ளிடுச்சின்னு சொன்னேன். துரை ஆமான்னு என் தோள்ல தட்டினார்" என்றார் இவர் பெருமையாக.

எனக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. சட்டி என்றதும் துரைக்கு ஏன் முகம் சிவந்தது என்று என் வீட்டு மாவீரருக்கு இன்றுவரை தெரியாது. துரை சுடும் லட்சணத்தைக் காசுக்கு வந்த வழிகாட்டி கிளப் கிளப்பாகப் போய்ச் சொல்வான். டெம்பரவரி குமாஸ்தா வாயைத் திறப்பானா?

ஆனால் சுட்ட ஆட்டின் கொம்பைக் கொண்டுவந்து காட்டுவதாகத் துரை கிளப்பில் சொல்லிவைத்திருந்தார். ரயிலில் வரும்போது, கொம்பு வரட்டும், உன் பெர்மனென்ட் விஷயத்தைப் பார்க்கலாம் என்றாராம். இதைச் சொல்லிவிட்டு இவர் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். வந்த கோபத்தில் டீ பாத்திரத்தைப் போட்டு உடைத்திருப்பேன். பையை எடுத்துக்கொண்டு பிளாக்பள்ளிக்கு நடந்தேன். சிவாஜிநகர் என்று இப்போது சொல்கிறார்களே, அதுதான். எங்களுக்கு வழக்கமாகக் கறி போடும் பாயிடம், பெரிய கொம்பாக ஒரு ஜோடி வேண்டும் என்றேன். சண்டையில் தோற்று அறுப்புக்கு வந்த கிடா ஒன்றின் கொம்பை எடுத்துக் காட்டினார். இரண்டு பக்கமும் நன்றாகச் சுருண்டு இருந்தது.

நீலகிரி ஆட்டுக்கு அப்படிக் கொம்பு கிடையாது என்று இவரே சொன்னார். ஆனால் துரைக்கு வேட்டை ஆசை வந்ததே ஏதோ சீமைப் புத்தகத்துப் படத்தைப் பார்த்துத்தான். அதிலிருந்த ஆட்டுக்குச் சுருண்ட கொம்பு. அதனால் துரை பரம சந்தோஷமாக வாங்கிக்கொண்டார். பலகையில் அடித்துச் சுவரில் மாட்டினார். கிளப்பில் எல்லாரும் வந்து பார்த்தார்கள். பார்த்த துரைகளில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. அந்த மாதமே உத்தரவு வந்தது, இவர் பெர்மனென்ட் ஆனார். நான் அழுதேன், நிம்மதியில்தான்.

மறு வருஷம் துரையின் மைத்துனர் சீமையிலிருந்து வந்தார். அவருக்கும் மலையாடு வேண்டுமாம். வழிகாட்டி வைக்கலாமா என்று யாரோ கேட்டதற்கு, எங்கள் குமாஸ்தா இருக்கும்போது எதற்கு என்றாராம் துரை. இவர் வீட்டுக்கு வந்து கண்ணாடி முன் நின்று ஒரு கண்ணை மூடிப் பார்த்துக்கொண்டார். நான் பையை எடுத்தேன்.

கடையில் கூட்டமில்லை. பாய் என்னைப் பார்த்ததும் கத்தியைக் கீழே வைத்தார்.

"கறியா, கொம்பாம்மா?"

"கொம்புதான் பாய். துரையோடதைவிடக் கொஞ்சம் சின்னதாக் குடுங்க."