சில்லு என்று கூப்பிட்டால்

"செத்த எலும்புக்கு வைக்க உங்களுக்கு வேற பேரே கிடைக்கலையா? பெத்த பொண்ணு பேருதான் கிடைச்சுதா?"

"கத்தாதே. பக்கத்து வீட்டுக்குக் கேக்கும்."

கேட்டது. நன்றாகவே கேட்டது. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் நான் மூக்கைத் துடைத்துக்கொள்வேன். ஆகவே இதைக் கட்டுக்கதை என்று தள்ளிவிடாதீர்கள். பாதி என் காதால் கேட்டது, மீதி என் உடம்பால் உணர்ந்தது.

அந்த வீட்டுக்காரர் தொல்லியல் ஆராய்ச்சி செய்பவர். பகலெல்லாம் குழி தோண்டுவார், சாயங்காலம் அதை வலைப்பூவில் எழுதுவார். பெண்டாட்டியிடம் பேசியதைவிட முகம் தெரியாத வாசகர்களிடம் பேசியதுதான் அதிகம். அந்த மாதம் ஒரு சிறுமியின் எலும்புக்கூடு கிடைத்திருந்தது. ஆறு வயதிருக்குமாம். வெறும் எண் போட்டுக் குறித்தால் மனசு ஒட்டாது என்று, இப்படிக் கிடைப்பவர்களுக்குச் செல்லப்பெயர் வைப்பது அவர் பழக்கம்.

அவருக்கும் ஆறு வயதில் ஒரே மகள். வாழ்நாளெல்லாம் பானைச் சில்லு பொறுக்கியவருக்கு வேறு என்ன தோன்றும்? அவளை 'சில்லு' என்றுதான் கூப்பிடுவார். எலும்புக்கும் அதையே வைத்துவிட்டார். 'இவள் பெயர் சில்லு, ஒரு வார்த்தை பேசுங்கள்' என்று எழுதினார். ஆயிரக்கணக்கில் வந்து பேசினார்கள். 'சில்லு, எழுந்திரு செல்லம்.' 'சில்லு, எங்க வீட்டுக்கு வா.'

"பேருதானே. நாளைக்கு எடுத்துடறேன்."

எடுக்கவில்லை. அத்தனை பாராட்டை எவர் தன் கையால் அழிப்பார்?

சில நாள் கழித்து ஒரு சாயங்காலம், அந்த அம்மா கடைக்குக் கிளம்பினாள். "அக்கா, குழந்தைய கொஞ்சம் பாத்துக்கறீங்களா?" விடுவேனா? அலமாரி, அடுப்படி எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன். குழந்தை தரையில் படம் வரைந்துகொண்டிருந்தது.

ஏழு பத்துக்குக் கரண்ட் போனது.

"சில்லு, பயப்படாம இங்க வா கண்ணு."

வந்தாள். மடியில் ஏறினாள். கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"ம்ம்... வரேன் ஆன்ட்டி."

குரல் உள்ளறையிலிருந்து வந்தது.

அதே குரல். அதே மழலை.

மடியில் இருந்தவள் வாயே திறக்கவில்லை.

டக்... டக்... டக்...

காய்ந்த குச்சி தரையில் தட்டுவதுபோல. மெதுவாக. அறை வாசல்வரை வந்தது.

நின்றது.

மடியில் இருந்தவள் என் காதில் சொன்னாள். "அவளைத்தான் ஆன்ட்டி எல்லாரும் கூப்பிடறாங்க. என்னைக் கொஞ்சப் பேருதான்."

கரண்ட் வந்தது.

வாசலில் யாரும் இல்லை...

பளிங்குபோல் துடைத்த தரையில், காய்ந்த செம்மண்.

நான் சொன்னதைக் கேட்டு அன்றே அவர் எழுதியதை அழித்தார். என்ன பயன்? அதற்குள் அதைப் படியெடுத்து ஊர் ஊராகத் தங்கள் பக்கங்களில் போட்டுவிட்டிருந்தார்கள். அழிக்க அழிக்க வேறொரு இடத்தில் யாரோ கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். தாய் மகளுக்குப் புதுப்பெயர் வைத்துப் பார்த்தாள். குழந்தை திரும்பிப் பார்க்கவில்லை. எந்தப் பெயருக்கும் திரும்பவில்லை. அம்மா கூப்பிடுவாள். உள்ளறையில் "ம்ம்..." என்று கேட்கும். பிறகு அம்மா அழுவது கேட்கும்.

நான் அந்தச் சுவரை ஒட்டிப் பீரோவை நகர்த்தினேன்.

அவர்கள் வீட்டைக் காலி செய்து மூன்று வருடம் கழித்து, அந்த அம்மாவின் தம்பிக்குக் கல்யாணம். எனக்கும் அழைப்பு வந்தது. மணப்பெண் தொல்லியல்காரரின் ஆராய்ச்சிக்கூடத்தில் எலும்புகளைப் பராமரிப்பவள். குழந்தையும் வந்திருந்தாள். ஒரு மூலையில் நாற்காலியில், கால் தரையைத் தொடாமல்.

"வளரவே இல்லையே," என்றேன், வாய் சும்மா இருக்காமல்.

"மூணு வருஷமா அதே கவுன்தான்கா," என்றாள் தாய். வேறெங்கோ பார்த்துக்கொண்டு சொன்னாள்.

நான் கேட்டது காதில் விழுந்ததோ என்னவோ, சாப்பாட்டுக்குப் பிறகு மணப்பெண் என்னைத் தனியே இழுத்தாள். "அக்கா, யார்கிட்டயும் சொல்லாதீங்க. அந்த எலும்பை எடுத்தப்ப முன்பல்லு ரெண்டும் முளைக்காம தாடைக்குள்ளதான் இருந்துச்சு. போன மாசம் பெட்டியத் திறந்தேன்..."

"ம்?"

"முளைச்சிருக்கு. கால் எலும்பும் நாலு விரல் நீண்டிருக்கு."

புதுத் தம்பதி அந்த வாரமே கடல் தாண்டிப் போய்விட்டார்கள். தொல்லியல்காரர் குடும்பம் மறுபடி வீடு மாறியது. எங்கே என்று நான் கேட்கவில்லை.