இரண்டு விரல் தொய்வு

எனக்கும் என் சகலைக்கும் ஒரே மாதிரி மோட்டார் சைக்கிள். இரண்டும் கறுப்பு. இரண்டும் எங்களிடம் வருவதற்கு முன்பே பல கை மாறியவை. அவர் மணலூர்பேட்டைப் பக்கம் பள்ளிக்கூட வாத்தியார். நான் கள்ளக்குறிச்சியில் உரக்கடை வைத்திருந்தேன். நான் மூத்த மருமகன், அவர் இளையவர். இந்த வரிசை எங்கள் மாமனாருக்கு மட்டும் ஞாபகம் இருக்காது.

ஆடிக்கு எங்கள் இருவரையும் நைனார்பாளையத்துக்கு அழைத்து விருந்து வைப்பார். மறுநாள் கல்வராயன் மலையில் இருக்கும் அவருடைய சாமிக்குச் சேவல் அறுத்துப் பொங்கல் வைக்கக் கிளம்புவோம். பெண்கள் பஸ்ஸில் வந்துவிடுவார்கள். மாமனார் எந்த மாப்பிள்ளையின் வண்டியில் ஏறுகிறார் என்று தெருவே நின்று பார்க்கும். அவர் நேராகப் போய்ச் சின்னவர் பின்னால் ஏறிக்கொள்வார். என் வண்டியில் பொங்கல் பானையும், அரிசி மூட்டையும், கால் கட்டிய சேவலும் வரும்.

"பெரிய மாப்ள வண்டி ஜாஸ்தி சத்தம் போடுதுங்க. மலை ஏர்றதுக்குள்ள காது அடச்சிக்குது" என்பார்.

பின்சக்கரத்திலிருந்து மாவு மில் ஓடுகிற மாதிரி சத்தம் வந்தது உண்மைதான். அந்த வருடம் மாமனாரை என் பின்னால் உட்கார வைத்தே தீருவது என்று முடிவு கட்டினேன். ஆடி பிறந்ததும் கடையைச் சீக்கிரமே சாத்திவிட்டு வண்டியோடு மல்லுக்கு நின்றேன். செயின் தொங்கி அடிப்பதால்தான் சத்தம் என்பது என் முடிவு. ஸ்டாண்டு போட்டு, நட்டைத் தளர்த்தி, சக்கரத்தைப் பின்னுக்கு இழுத்துச் செயினை விறைப்பாக ஏற்றினேன். ஓட்டிப் பார்த்தால் சத்தம் கூடியிருந்தது. போதவில்லை போலிருக்கிறது என்று இன்னும் கொஞ்சம் இழுத்தேன். அப்படியேதான் உர மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு திரிந்தேன்.

சகலையின் செயினோ இடுப்பில் நிற்காத வேட்டி மாதிரி தளர்ந்து கிடக்கும். விருந்தன்று சாயங்காலம் அவர் செயின் பார்த்த கோலத்தைச் சொல்ல வேண்டும். கொழுந்தியாளைப் பின்சீட்டில் உட்கார வைத்து, கீழே குனிந்து, இரண்டு விரலால் செயினைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார். அவள் ஏதோ சொல்ல, இவர் சிரிக்க, மாமியார் உள்ளேயிருந்து பஜ்ஜி கொண்டுவந்து நீட்ட, எனக்கு வயிறு எரிந்தது.

"செயினு பாக்கறதுக்குக்கூட பொண்டாட்டி ஏறி ஒக்காரணுமா?" என்றேன் என் மனைவியிடம்.

"நீங்களும் என்ன ஒக்கார சொல்றதுதான? யாரு வாணான்னா?" என்றாள்.

மறுநாள் காலை மாமனார் என் வண்டியருகே வந்து நின்றார். ஆக்ஸிலேட்டரைச் சற்று முறுக்கிக் காட்டினேன். சீட்டைத் தட்டிக்கொடுத்தார். பிறகு சேவலை எடுத்து அதில் கட்டிவிட்டு, சின்னவர் வண்டியில் ஏறிக்கொண்டார்.

கோமுகி அணையைத் தாண்டி மலைப் பாதையில் சில வளைவுகள்தான் ஏறியிருப்பேன். பின்சக்கரம் குடிகாரன் நடை நடந்தது. கடகடவென்று உள்ளே எதுவோ நொறுங்கியது. ஓரம் கட்டினேன். முன்னால் போனவர்கள் திரும்பி வந்தார்கள்.

சகலை ஸ்டாண்டு போட்டுச் சக்கரத்தை ஆட்டிப் பார்த்தார். அது இடமும் வலமும் ஆடியது.

"பேரிங் பூட்ச்சிண்ணே. ஏற்கெனவே கிரீஸ் இல்லாம காஞ்சி கெடந்திருக்கு. செயின ஏன் இப்டி இழுத்து வெச்சிக்கினு இருக்கீங்க? பாரம் ஏறினா அது இன்னும் இறுகுமே. ஆள ஒக்கார வெச்சிதான் தொய்வு பாக்கணும். இல்லன்னா இழுப்பு பூரா பேரிங் மேலதான் வுழும்."

வாத்தியார் அல்லவா, மாமனாருக்கும் கேட்கும்படி சத்தமாகவே பாடம் நடத்தினார். அதோடு விடவில்லை. தன் வண்டியின் பக்கப் பெட்டியைத் திறந்து புது பேரிங்கை எடுத்தார். சாமி கும்பிடப் போகிறவன் எவனாவது பேரிங் எடுத்துப் போவானா? சக்கரத்தைக் கழற்றி, கம்பியை வைத்து உடைந்ததைத் தட்டி வெளியே எடுத்தார். விரலால் கிரீஸை அப்பினார். புதியதன் மேல் பழையதை வைத்து, சுற்றிச் சுற்றிச் சமமாகத் தட்டி இறக்கினார். மாமனார் பக்கத்திலேயே குந்திக்கொண்டு, சாமியாடியைப் பார்ப்பதுபோல வாய் திறந்து பார்த்தார். நான் நட்டுகளைக் கையில் ஏந்திக்கொண்டு நின்றேன்.

சக்கரம் மாட்டியாயிற்று. செயினைப் பார்க்க வேண்டும்.

"மாமா, செத்த அண்ணன் வண்டில ஏறி ஒக்காருங்க" என்றார் சகலை.

மாமனார் என் வண்டியில் ஏறி உட்கார்ந்தார். முதல் முறையாக. சகலை குனிந்து இரண்டு விரல் தொய்வு வைத்து நட்டை முறுக்கினார். வேலை முடிந்தும் மாமனார் இறங்கவில்லை.

"ஒக்காந்தது ஒக்காந்தாச்சி. இதுலயே வரேனுங்க. அந்த சாமானத்தையெல்லாம் அதுல மாத்துங்க" என்றார்.

வண்டி புதுசு மாதிரி சத்தமில்லாமல் ஏறியது. அதனால் பின்னாலிருந்து அவர் பேசியது ஒரு சொல் விடாமல் என் காதில் விழுந்தது. சின்ன மாப்ள கை வெச்சா கைதானுங்க. சின்ன மாப்ளைக்குத் தெரியாத வேலை ஏதுங்க. சின்ன மாப்ள இல்லன்னா இன்னிக்கு சாமி கும்பிட்டிருப்பமாங்க. மேலே கோயில் வரைக்கும் இதேதான்.

முன்னால் போன சகலையின் பின்சீட்டில் சேவல் என்னைப் பார்த்தபடியே வந்தது. மலைமேல் அதற்கு என்ன காத்திருக்கிறது என்று தெரிந்தும், அதன்மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது.