இரண்டு விசில்

அப்பா எலியேசர் முப்பது வருடத்துக்கும் மேல் ராஜபாளையம்–ஸ்ரீவில்லிபுத்தூர் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். கூட்டம் உட்கார விட்டதில்லை. அந்த ரூட்டில் அவர் ஒருநாளும் உட்கார்ந்து போனதில்லை. வேலையை விட்ட மறுவாரம் வியட்நாமுக்கு, ஹனோய்க்குப் போன் செய்தார். நான் அங்கே ஒரு தொழிற்சாலையில் மெக்கானிக்கல் இன்ஜினியர்.

"ஏட்டி எலினா, நீ ஓட்டு. நான் பின்னால உக்காந்து வாரேன். நல்லாத் தூரமாப் போவணும்."

அப்பாவுக்கு இதயத்தில் அடைப்பு இருந்தது. பயணம் வேண்டாம் என்றார் டாக்டர். "உக்காந்துதான போறேன்?" என்று அவரோடு வாதாடிவிட்டு அப்பா விமானம் ஏறினார்.

ஹனோயில் பழைய பைக் வாங்கி, நாட்டின் தென்கோடியில் சைகோன் வரை ஓட்டிப்போய், அங்கே விற்றுவிடுவது என்று திட்டம். ஊர் சுற்ற வருகிறவர்கள் பலர் அப்படிச் செய்வார்கள். கடையில் நான் கம்ப்ரஷன், செயின், பிரேக் பார்த்தேன். அப்பா ஒவ்வொரு வண்டியின் பின்சீட்டிலும் ஏறிக் கண்ணை மூடிக்கொண்டார். ஒன்றில் தூங்கியே விட்டார். கடைக்காரப் பெண் பயந்துபோய் அவர் மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தாள்.

அந்த வண்டிதான் வேண்டும் என்றார். பின்சீட் சோபா மாதிரி. சாய்ந்துகொள்ள இரும்புக் கேரியர். எஞ்சின் நீலப்புகை கக்கியது.

"பிஸ்டன் ரிங் தேஞ்சிருக்குப்பா. சைகோன் வரைக்கும் தாங்காது."

"அது டிரைவர் பாடு. என் சீட்டு நல்லாருக்கு."

வாங்கினோம். மறுநாள் காலை கிளட்சை விட்டதும் பின்னால் அப்பாவின் கண்டக்டர் விசில், ஒரே ஒரு தடவை. நிறுத்தினேன்.

"யாரு ரைட் குடுத்தா?"

"நீங்கதான் ஏறிட்டீங்களேப்பா."

"ஏறுனா ஆச்சா? ஒண்ணு அடிச்சா நிக்கணும், ரெண்டு அடிச்சா எடுக்கணும். இம்புட்டுப் படிச்சு என்னத்துக்கு?"

ஒரு சிக்னலில் அவர் இரண்டு விசில் அடிக்க, பக்கத்திலிருந்த ஸ்கூட்டர்கள் சிவப்பு விளக்கிலேயே கிளம்பிவிட்டன. அங்குள்ள ஊர்ப் பெயர்களை அவரால் படிக்க முடியவில்லை. அதனால் தன் பழைய ரூட்டின் பெயர்களைக் கூவினார். வியட்நாம் நெல்வயல் நடுவே, "மம்சாபுரம் விலக்கெல்லாம் எறங்கு!" யாரும் இறங்கவில்லை. இரண்டு விசில். கிளம்பினோம்.

பாதித் தூரத்தில், மலையேற்றத்தில், எஞ்சின் இறுகி நின்றது. எனக்கு அழுகை வந்தது. அப்பா சீட்டை விட்டு இறங்கவே இல்லை. கடைசியில் ஒரு லாரிக்காரர் அவரை இறக்கிவிட்டு, பைக்கை மேலே ஏற்றிக் கயிற்றால் கட்டினார். அப்பா மறுபடியும் அதன் பின்சீட்டிலேயே ஏறி உட்கார்ந்து, லாரிக்கு விசில் கொடுத்தபடி சைகோன் போய்ச் சேர்ந்தார்.

"காலு கடுக்கவே இல்லட்டி" என்றார்.

போன மாதம், ராஜபாளையம் வீட்டில், தூக்கத்தில் போய்விட்டார். எங்கள் குடும்பக் கல்லறை ஸ்ரீவில்லிபுத்தூரில். அமரர் ஊர்தியை ஓட்ட வந்தவர் பாண்டிதுரை மாமா; அப்பா கண்டக்டராக இருந்த அதே பஸ்ஸை ஓட்டியவர். பெட்டியை ஏற்றினார்கள். நானும் ஏறினேன். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, வண்டி நகரவில்லை. போதகர் வந்து டிரைவர் பக்கக் கதவைத் தட்டினார்.

"எடுங்கண்ணே, நேரமாவுது."

"இன்னும் ரைட் வரலயே ஐயா" என்றார் மாமா, திரும்பிப் பார்க்காமல்.

அப்பாவின் விசில் என் கைப்பையில் இருந்தது. ஊதினேன். ஒன்றுதான் வந்தது. மாமா பிரேக்கில் கால் வைத்துக் காத்திருந்தார். பிறகு இரண்டும் சேர்த்து ஊதினேன்.

வண்டி நகர்ந்தது. பெட்டிக்குப் பக்கத்தில் சீட் காலியாகத்தான் இருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் வரை நின்றுகொண்டே போனேன்.